ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறந்த நெட்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். என் கணவரைக் கேட்டால் வேறு அளவு சொல்வார். ஷேர் ஆட்டோக்காரர் "சீட்டு கீது, ஏறும்மா" என்றால் குனிந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பேன். தராசு ஆடி நின்ற பிறகுதான் பையை நீட்டுவேன். இதனால் எனக்குப் பெரிய நல்ல பெயர் ஒன்றும் கிடைத்துவிடவில்லை, ஆனால் அவ்வளவாக ஏமாந்ததும் இல்லை. ஆகவே எங்கள் வீட்டு ஃபைபர் நெட் திணற ஆரம்பித்தபோது நான் முதலில் பெட்டியைச் சந்தேகப்படவில்லை. ஆட்களைத்தான் சந்தேகப்பட்டேன்.

அப்போது படப்பைப் பக்கம் ஃபைபர் புதிது. ஒரகடத்தில் கம்பெனிகள் வந்த பிறகு எங்கள் சாலையின் இரண்டு பக்கமும் ப்ளாட் போட்டு, வீடு கட்டி, வீட்டுக்கு வீடு மாடியில் ஒரு ரூம் எடுத்துப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். நாங்களும் விட்டிருந்தோம். கீழே நான், கணவர், மாமியார். மொட்டை மாடி ரூமில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர். என் கணவர் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்; அந்தப் பையன்கள் அவருடைய லைனிலேயே கான்ட்ராக்ட் வேலை. ஒரே ஷிஃப்ட், ஒரே கம்பெனி பஸ். நான்கு பேரும் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே வருவார்கள்.

எனக்கு வேலை வீட்டிலேயே. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதை, ஹெட்போனில் கேட்டு வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் தாம்பரத்தில் ஆபீஸுக்குப் போய் இதைச் செய்துகொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நின்றுபோனது. தானாக நிற்கவில்லை, நிறுத்தினார்கள். சில வருஷம் கழித்து அதே ஆபீஸ், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கூப்பிட்டபோது, வீட்டில் பெரிய பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் மாமியார் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"வூட்டு வேலையில ஒண்ணும் கொறையக் கூடாது. எம்புள்ளைக்குச் சோறு, துணி எல்லாம் அதுபாட்டுக்கு நடக்கணும். தட்டிப்போச்சுன்னா அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய மூட்டை கட்டிடணும், ஆமா."

ஆபீஸ் இன்னொரு நிபந்தனை போட்டது. குறித்த நேரத்துக்குள் ஃபைல் திரும்பி வர வேண்டும். முதல் இரண்டு முறை தாமதமானால் எச்சரிக்கையோடு விடுவார்கள், மூன்றாவது முறை ஐடியை மூடிவிடுவார்கள். ஐடி மூடினால் வேலை போச்சு. இந்த வேலை போனால், அந்த வீட்டில் இன்னொரு முறை அனுமதி வாங்க எனக்குத் தெம்பு இருக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்ட பிறகு நான் யாருக்கும் மருமகள் இல்லை, யாருக்கும் டீ போட வேண்டியவள் இல்லை. யாரோ ஒரு டாக்டர் யாரோ ஒருவரின் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், நான் தட்டிக்கொண்டிருப்பேன். அந்த நிம்மதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

வேலை ஆரம்பித்த புதிதிலேயே ஒரு சறுக்கல். கணவரின் யூனிஃபார்மை ஊறப்போட்டுவிட்டு ஃபைலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் அவர் கிரீஸ் கறையோடு இருந்த முதல் நாள் சட்டையையே போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். மாமியார் வாசலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார். நாற்பது பேரை வேலை வாங்குகிற பிள்ளை, அழுக்குச் சட்டையோடு போகிறானாம். பெட்டியை மூட்டை கட்டும் நாள் வந்துவிட்டதென்றே நினைத்தேன். ஆனால் கொஞ்ச நாளில் கணவரே ஒரு நல்ல சேதி கொண்டுவந்தார்.

"கம்பெனியிலேயே வாஷ் பண்ணித் தர்றாங்களாம்மா. இனிமே யூனிஃபார்ம் கவலைய வுடு."

அன்று முதல் அந்தக் கனத்த நீல பேன்ட்டும் சட்டையும் தேய்த்து மடித்து, பிளாஸ்டிக் கவரில் வந்தன. மாமியாரும் வாயடைத்துப் போனார். நானும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நமக்கு வசதியாக இருக்கும் விஷயத்தை யார் தோண்டுவார்கள்?

ஃபைபர் போட்டவர் எங்கள் தெருவுக்குப் பழைய கேபிள் டிவிக்காரர். எல்லார் வீட்டிலும் மொட்டை மாடியில் டிஷ் வந்துவிட, அவர் நெட்டுக்கு மாறிவிட்டார். கணவர் டூட்டிக்குப் போயிருந்த ஒரு நாள் வந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஈபி போஸ்ட்டிலிருந்து கருப்பு ஒயரை இழுத்து, மாடி வழியாகக் கொண்டுவந்து, சுவரோடு இறக்கி, என் அறைச் சுவரில் ஓட்டை போட்டு மோடம் பெட்டியில் சொருகினார். "மேல கொஞ்சம் லூசா கீது மேடம், அப்பாலிக்கா வந்து இழுத்துக் கட்டிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் அப்பாலிக்கா என்றால் அதற்குத் தேதி கிடையாது.

முதலில் நெட் பறந்தது. ஆடியோ கண்மூடித் திறப்பதற்குள் இறங்கும். பிறகு ஒரு நாள் சாயங்காலம், தட்டிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்து நின்றது. நாங்கள் தட்டுவது நேராக ஆபீஸ் சர்வரில் போய் உட்காரும். நெட் தடுமாறினால் கை வேலை அப்படியே நின்றுவிடும். ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். முள் ஏறவே இல்லை, சோம்பிப் படுத்திருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் கெஞ்சிவிட்டு மறுபடியும் படுத்தது. இருட்டுகிற நேரத்தில் தானாகவே சரியாயிற்று.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. என் சந்தேகத்தின் முதல் பலி கேபிள்காரர். ஒரே லைனை எனக்கும் விற்று, பக்கத்துத் தெருவுக்கும் விற்றிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். டிவிக் காலத்தில் இவர் செய்யாததா? போனில் ஒரு பிடி பிடித்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக வந்து, என் லேப்டாப்பில் டெஸ்ட் போட்டார். முள் ஒரே எகிறு எகிறி மேலே போய் நின்றது.

"பாத்தீங்களா மேடம், ராக்கெட்டு மாதிரி பூது. எங்க லைன்ல ஒரு ப்ராப்ளமும் கெடியாது."

"நேத்து வந்து பாத்திருக்கணும் நீங்க."

"நேத்து வர்லயே மேடம்."

திங்கட்கிழமை மறுபடியும் படுத்துவிட்டது. கூப்பிட்டேன். அவர் வந்து சேர்வதற்குள் சாயங்காலம் கழிந்து, நெட் எழுந்து உட்கார்ந்திருந்தது. "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் கீது, அத்த க்ளீன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார். வைரஸையும் சுத்தம் பண்ணினேன். வைஃபையைச் சேனல் மாற்றிப் பார்த்தேன். பெட்டியைச் சுவரோரத்திலிருந்து மேஜைக்கு மாற்றிப் பார்த்தேன். மேஜைதான் இடைஞ்சலாயிற்றே தவிர வேறொன்றும் மாறவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு ஃபைல் தாமதமாகி, ஆபீஸிலிருந்து முதல் எச்சரிக்கை வந்தது.

அடுத்தது மாடிப் பையன்கள். மூன்று பேர், மூன்று போன், எந்நேரமும் காதில் ஒயர். இவர்கள் என் வைஃபையில் தொங்கிக்கொண்டு படம் பார்க்காமல் வேறென்ன செய்வார்கள்? பாஸ்வேர்டை மாற்றினேன், கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அப்படியும் நெட் திணறியது. எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, தண்ணீர்க் குடத்தோடு படியேறப் போனவர்களைக் கீழேயே மடக்கினேன்.

"தம்பி, உண்மையச் சொல்லுங்க. என் நெட்ட யாரு இழுக்கிறீங்க?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது; அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அவர்களில் மூத்தவன்தான் பேசினான்.

"யக்கா, நாங்க எதுக்குக்கா ஒங்க நெட்ட எடுக்கப் போறோம்? எங்க போன்ல பேக் போட்டிருக்கோம். வேணும்னா நீங்களே பாத்துக்கிடுங்க."

போனை நீட்டினான். அதில் அவன் சொந்த நெட்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நீட்டின கையைவிட, மாடியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு இறங்கின அவன் கண்தான் எனக்குப் பட்டது. மேலே என்னவோ இருக்கிறது.

கணவரிடம் சொன்னேன். அவர் வழக்கமாக எதற்கும் உடனே பதில் சொல்கிறவர் இல்லை. சாம்பாரில் உப்பா என்று கேட்டால்கூட ஒரு கவளம் விழுங்கிவிட்டுத்தான் சொல்வார். அன்றைக்கு என் வாக்கியம் முடிவதற்குள் பதில் வந்தது.

"பசங்கள ஒண்ணும் கேக்காத. பாவம், நல்ல பசங்க."

"நல்ல பசங்கதான். மேல நம்ம ஒயர்ல ஏதாவது கொக்கி போட்டிருக்காங்களான்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

"நான் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல. நீ இன்னாத்துக்கு மேல போற? அம்மா கத்தும்."

அது உண்மைதான். பையன்கள் குடிவந்த நாளிலிருந்து நான் மாடிக்குப் போவதில்லை. ஆம்பளைப் பசங்க இருக்கிற மாடியில் வீட்டுப் பெண்ணுக்கு என்ன வேலை என்பது மாமியார் சட்டம். கீழே வாசல் பக்கத்தில் வேப்பமரத்துக்கும் காம்பவுண்டுத் தூணுக்கும் நடுவில் கட்டியிருந்த கொடியில்தான் நான் துணி காயப்போடுவேன். சட்டம் பழையது. ஆனால் அதை என் கணவர் எடுத்துச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. எனக்குள் ஒரு பல்லி கத்தியது.

அடுத்த வேலையாக வைஃபையை ஒரேயடியாக அணைத்துவிட்டு, பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு நேராக ஒயர் போட்டுப் பார்த்தேன். இனி பாஸ்வேர்டு தெரிந்தாலும் யாரும் உள்ளே வர முடியாது. காலையில் நன்றாக ஓடியது. சாயங்காலம் கணவரும் பையன்களும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முள் படுத்துவிட்டது. அப்படியானால் போன்காரர்கள் யாரும் இல்லை. அந்த வாரமே இரண்டாவது ஃபைல் தாமதமானது. ஆபீஸில் என் மேலாளராக இருந்த பெண் போன் செய்து, தயக்கத்தோடு, "அடுத்த தடவை ஆச்சுன்னா என் கையில இல்லைங்க, ஐடி க்ளோஸ் ஆயிடும்" என்றார்.

அன்று நான் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, யோசிக்க உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நெட் பறக்கிறது. ஆயுத பூஜை லீவில் பறந்தது. கணவருக்கு டூட்டி இருக்கும் நாளில்தான் படுக்கிறது. அதுவும் எப்போது? காலை ஷிஃப்ட் வாரத்தில் சாயங்காலம் படுத்தது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலையில் படுத்து மத்தியானம் எழுந்தது. செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில், அவர் தூங்கி எழுந்த பிறகு, பத்துப் பதினொரு மணிவாக்கில். நெட்டுக்கும் ஷிஃப்ட் போட்டிருக்கிறார்கள்! கேபிள்காரருக்கு எங்கள் வீட்டு ஷிஃப்ட் தெரியாது. வைரஸுக்கும் தெரியாது. டூட்டி முடிந்து இந்த மனுஷன் வீட்டுக்கு வந்த பிறகுதான் என் நெட்டுக்கு உயிர் போகிறது.

வேறு சில சங்கதிகளும் வரிசையில் வந்து நின்றன. வீட்டுக்கு வந்ததும் பையைத் தோளிலிருந்து இறக்காமல் மாடிக்குப் போகிறார். "பசங்களுக்கு லைன்ல ஏதோ டவுட்டாம்" என்கிறார். தினமும் என்ன டவுட்டு? ஒரு மணி நேரம் கழித்து லுங்கியோடு இறங்கி வருகிறார். "மேல நல்லா காத்து வருது, அங்கயே மாத்திக்கினேன்." கம்பெனியில் துவைத்து வரும் யூனிஃபார்மில் ஒரு எலுமிச்சை வாசனை. அதே வாசனை அவர் கையிலும் இருந்தது. கம்பெனியில் துவைத்தால் சட்டையில் வாசனை வரும், கையில் எப்படி வரும்? இதைக் கேட்டால் நான் என்னவோ அசிங்கமாக நினைக்கிறேன் என்பார். நினைத்தேன்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடந்தது. இவருக்கு நான் வேலை செய்வது பிடிக்கவில்லை. அம்மா மாதிரி வாய்விட்டுச் சொல்லாமல், மேலே போய் ஒயரில் எதையோ செய்து, வேலை தானாகவே போகும்படி பார்த்துக்கொள்கிறார். வேலை போனால் யார் மேலும் பழி வராது, பாவம் நெட் சரியில்லை என்று முடிந்துவிடும். நான் அவரோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டே, சாதம் போட்டுக்கொண்டே இதை நினைத்தேன். ஒரே தட்டில் சாப்பிடுகிற மனுஷனைச் சந்தேகப்படுவது கேபிள்காரரைச் சந்தேகப்படுவது மாதிரி இல்லை.

நைட் ஷிஃப்ட் வாரம். காலையில் நான்கு பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். அவர் பையோடு மாடிக்குப் போனார். எனக்கு அன்று நீளமான ஃபைல் ஒன்று. மத்தியானத்துக்குள் போக வேண்டும். பாதி தட்டியிருந்தேன். திரை உறைந்தது. டெஸ்ட் போட்டேன், முள் படுத்திருந்தது. இன்றைக்குத் தாமதமானால் இது மூன்றாவது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன். மாமியார் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எங்க போற?"

"மாடிக்கு."

பதிலுக்குக் காத்திருக்காமல் ஏறிவிட்டேன்.

மேலே, தண்ணீர் டேங்குக்குப் பின்னால் பையன்களின் குழாயடி. அங்கே என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். கையில் பிரஷ். சிமெண்டுத் தரையில் யூனிஃபார்ம் சட்டையை விரித்துப் போட்டு, காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் எலுமிச்சை வாசனை சோப்பு நுரை. என்னைப் பார்த்ததும் பிரஷ் அப்படியே நின்றது. ரூம் வாசலில் நின்ற பையன்களில் மூத்தவன் மென்று விழுங்கினான்.

"யக்கா... சொல்லக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டாவ."

நான் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தேன். டேங்கின் மறைவில், தெருவிலிருந்தோ வாசலிலிருந்தோ பார்த்தால் தெரியாத இடத்தில், ஈபி போஸ்ட்டிலிருந்து வந்த கருப்பு ஒயர் தலை உயரத்தில் தொய்ந்து தொங்கியது. அதன் மேல், சொட்டச் சொட்ட, கனத்த நீல பேன்ட். அந்தக் கனத்தில் ஒயர் வளைந்து, சுவர்க் குழாயில் கட்டியிருந்த இடத்தில் ஒரேயடியாக மடிந்து ஒடுங்கியிருந்தது.

"அந்த ஒயர்ல யாரு துணி போட்டது?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"பழைய கேபிள் டிவி ஒயருதான அது?" என்றார் அவர். "உள்ள கம்பி இருக்குது, நல்லா கனம் தாங்குது. மொதல்ல பசங்க கொடியிலதான் போட்டுக்கினு இருந்தேன், அப்புறம் அதுல எடமில்ல."

ஃபைபர் போட்ட அன்று அவர் வீட்டில் இல்லை. இரண்டு வருஷம் முன்பு வரை அதே வழியில்தான் டிவி ஒயர் தொங்கியது. நான் பேன்ட்டை உருவிக் கீழே போட்டேன். ஒயர் துள்ளி நிமிர்ந்தது. படியில் ஓடி இறங்கி டெஸ்ட் போட்டேன். முள் எகிறியது. எனக்கு அது போதாது. மறுபடியும் ஏறி, ஈர பேன்ட்டை ஒயரில் போட்டு, இறங்கிப் பார்த்தேன். படுத்துவிட்டது. மறுபடியும் ஏறி, எடுத்து, இறங்கினேன். எழுந்துவிட்டது. மாமியார் கீரையைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேபிள்காரர் வந்து சொன்னார், இந்த ஒயருக்குள் போவது கரண்டு இல்லை, வெளிச்சம். மடித்தால் வழியிலேயே சிந்திவிடும் என்று. அதைக் கட்டும்போதே சொல்லியிருக்கலாம்.

கடைசியாக ஒரு முறை மாடிக்கு ஏறினேன். அவர் அதே இடத்தில் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கம்பெனி வாஷ்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எத்தன மாசமா?"

"நீ ஒரு நாள் மறந்த பாரு, அம்மா வாசல்ல ஒக்காந்து கத்துச்சே. அப்பத்துலேந்து."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? வந்து புடுங்கி நீயே தோய்ப்ப. அப்புறம் ஃபைல யாரு அடிப்பாங்க?"

எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமும் கோபமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை. இந்த வேலையைக் கெடுக்கிற கை எது என்று தேடித் தேடி, அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்த கையைத்தான் பிடித்திருக்கிறேன். ஆனால் என் சந்தேகம் வீண் என்றும் சொல்ல முடியாது. மறைத்தார்தான். மாடியில்தான். அவரால்தான் நெட் போனது. ஆளும் சரி, இடமும் சரி.

"சரி வுடு, டேங்குக்குப் பின்னாடி வேற கொடி கட்டிடறேன்" என்றார். "யாருக்கும் தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தையில் கோபம் முந்திக்கொண்டது.

"நான் செய்யறது திருட்டு வேலையாங்க? அப்புறம் அதுக்காக நீங்க செய்யறது மட்டும் ஏன் டேங்குக்குப் பின்னாடி இருக்கணும்?"

அவர் கையிலிருந்த சட்டையை வாளியில் போட்டார். எனக்கு நிற்க நேரமில்லை. இறங்கி வந்து ஹெட்போனை மாட்டினேன். திரை ஒரு நொடிகூட உறையவில்லை. டாக்டர் யாரோ ஒரு கிழவரின் இடுப்பு எலும்பைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார், நான் விடாமல் தட்டினேன். என் மேஜை வாசல் பக்க ஜன்னலோரம். படியில் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

கணவர் வாளியோடு இறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்றார். வேப்பமரத்துக் கொடியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். இந்த மனுஷன் திரும்பி மேலே ஏறிவிடுவார் என்றே நினைத்தேன். ஏறவில்லை. கொடிக்குப் போய், என் புடவைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, பேன்ட்டை உதறிப் போட்டார். பிறகு சட்டையையும் போட்டார்.

"இன்னாடா இது?" என்றார் மாமியார்.

"யூனிஃபார்ம்மா."

"கம்பெனில தோய்க்கிறாங்கன்னே?"

"இல்லம்மா. நான்தான் தோய்க்கிறேன். இம்மா நாளும் நான்தான்."

என் விரல்கள் நின்றுவிட்டன. டாக்டர் காதுக்குள் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். மாமியார் கீரைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். கொடியில் தொங்கிய சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்தார்.

"அழுக்கு அப்பிடியே கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஃபைல் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஐடி மூடவில்லை. மறுநாள் கேபிள்காரர் வந்து ஒயரை இழுத்துக் கட்டினார், மடிந்து கெட்டுப்போன இடத்தை மாற்றிக் கொடுத்தார். மாமியார் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்கு வசதியாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் என் புத்தி மாறிவிடவில்லை. ஒரு நாள் போட்டுவிட்டார், சரி; வீராப்பில் எல்லாரும் ஒரு நாள் செய்வார்கள். அடுத்த வாரம் காலை ஷிஃப்ட். சாயங்காலம் பஸ் வந்து போன சத்தம் கேட்டது. அவர் பையோடு மாடிக்குப் போனார். நான் தட்டிக்கொண்டே காதைத் தீட்டிவைத்திருந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், தெருவில் ஷிஃப்ட் முடிந்த கூட்டம் போய்க்கொண்டிருந்தது. வழக்கமாக நெட் படுக்கும் நேரம். ஸ்பீடு டெஸ்ட் பக்கத்தைத் திறந்து வைத்தேன். அழுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்துக் கொடியில், தெருவைப் பார்த்தபடி, நீல பேன்ட் சொட்டிக்கொண்டிருந்தது. டெஸ்ட்டை அழுத்தாமல் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, அடுத்த ஃபைலை எடுத்தேன்.